உலக வரலாற்றைத் தமிழில் எழுதுவோருக்கு: பிரானிஸ்கோ கணவாய் பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எழுத்தாளர்களே, மொழிபெயர்ப்பாளர்களே, பதிப்பாசிரியர்களே,

வணக்கம்.

1848-ஆம் ஆண்டைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் தேடிப் பிடித்து வாசிக்கிறவன் நான். பெரும்பாலும் பாரிஸில் தொடங்குவீர்கள். வியன்னாவை விட்டு ஆஸ்திரியத் தலைமை அமைச்சர் மெட்டர்னிக் ஓடியதைச் சுவையாகச் சொல்வீர்கள். பெர்லினைத் தொட்டுவிட்டு ஹங்கேரிக்கு வருவீர்கள். வந்தவுடன் பேனா களைத்துப்போகிறது. ஹங்கேரிய மக்கள் ஆஸ்திரியப் பேரரசை எதிர்த்துக் கிளர்ந்தார்கள், ரஷ்யப் படை வந்து நசுக்கியது என்ற பொருளில் ஒரு பத்தி. அதில் ஹங்கேரியத் தலைவர் கோஷூத்தின் பெயர், கவிஞர் பெட்டோஃபியின் பெயர், அராத் நகரில் கொல்லப்பட்ட பதின்மூன்று தளபதிகள். அத்தோடு இத்தாலிக்குப் போய்விடுகிறீர்கள்.

பத்தி சிறியது என்று குறை சொல்ல வரவில்லை. உலகம் பெரியது, தாளின் விலையும் தெரியும். அந்தப் பத்தியில் இரண்டே தரப்புகள் இருக்கின்றன என்பதுதான் என் குறை. ஒரு பக்கம் ஒரு தேசம், மறுபக்கம் ஒரு பேரரசு. அந்தப் போரில் அப்படி ஒரு கோடு எங்குமே இருக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய போர்களுக்குப் போக வேண்டியதில்லை. ஓர் இரவில் முடிந்துவிட்ட, பொது நூல்களில் அடிக்குறிப்பாகக்கூட வராத ஒரு சண்டையைக் காட்டுகிறேன். 1849 பிப்ரவரி 5, பிரானிஸ்கோ கணவாய்.

இன்றைய வரைபடத்தில் அது ஸ்லோவாக்கியாவின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது. மேற்கே ஸ்பிஷ் வட்டாரம். அதன் நடுவில் ஒரு குன்றின்மேல் பெரிய இடிந்த கோட்டை. கிழக்கே ஷாரிஷ் வட்டாரம், அதன் தலைநகர் பிரெஷோவ், அதற்குத் தெற்கே கோஷித்செ. இரண்டு வட்டாரங்களையும் பிரிக்கும் மலைத்தொடரின் பெயர் பிரானிஸ்கோ. கடல்மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர் உயரத்தில், வளைந்து வளைந்து ஏறும் பழைய சாலை அந்தத் தொடரைக் கடக்கிறது. இப்போது அங்கே போகிறவர்கள் சாலையைக் காண்பதே அரிது. 2003-இல் திறக்கப்பட்ட ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை வழியாகச் சில நிமிடங்களில் மலைக்கு அடியிலேயே போய்விடுகிறார்கள். 1849-இல் கனத்த பனியில் அந்த வளைவுகள் ஒவ்வொன்றும் ஒரு காவல் அரண்.

அன்று இந்த நிலம் முழுவதும் ஹங்கேரிய அரசின் வடபகுதி. ஊர்களுக்கெல்லாம் ஸ்லோவாக்கிய மொழியில் ஒரு பெயர், ஹங்கேரிய மொழியில் ஒரு பெயர், பல இடங்களில் ஜெர்மன் மொழியில் மூன்றாவது பெயர். கிராமங்களில் பெரும்பாலும் ஸ்லோவாக்கியர். ஸ்பிஷ் வட்டாரத்தின் பழைய நகரங்களில் பல நூற்றாண்டுகளுக்கு முன் குடியேறிய ஜெர்மானியர். நிலவுடைமையும் அலுவலகமும் ஹங்கேரிய மொழி பேசிய, அல்லது பேசத் தொடங்கியிருந்த, மேட்டுக்குடியிடம். நீங்கள் வெளியிடும் வரைபடங்களில் இந்தப் பகுதி முழுவதும் ஒரே நிறத்தில்தான் இருக்கிறது.

படை அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1849 ஜனவரித் தொடக்கத்தில் இளவரசர் விண்டிஷ்கிரேட்ஸின் பேரரசப் படை (இன்று புடாபெஸ்ட்டாக இணைந்திருக்கும்) புடாவையும் பெஷ்டையும் பிடித்துவிட்டது. கோஷூத்தின் அரசு கிழக்கே டெப்ரெட்சென் நகருக்கு ஓடியது. எதிரியின் கவனத்தையும் ஒரு பகுதிப் படையையும் வடக்கே இழுத்துச் செல்லும் வேலை ஹங்கேரியத் தளபதி ஆர்தூர் கோர்கெயிடம் கொடுக்கப்பட்டது. அவர் வடக்கின் சுரங்க நகரங்கள் வழியாகப் பனிக்காலத்தில் மலை ஏறி இறங்கிப் பின்வாங்கினார். பின்னால் துரத்தும் படை. ஹோட்ருஷ் என்ற இடத்தில் ஜனவரி 22 அன்று ஒரு குண்டு அவருடைய தொப்பியைத் துளைத்துக்கொண்டு போனது. பிப்ரவரித் தொடக்கத்தில் ஸ்பிஷ் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தபோது, முன்னால் கோஷித்செயில் பேரரசின் ஒற்றைக் கண் தளபதி ஷ்லிக்கின் படை உட்கார்ந்திருந்தது. மற்றக் கண்ணை 1813-இல் லைப்சிக் போர்க்களத்தில் இழந்தவர் அவர். அவருடைய படை வடக்கே இருந்த கலீசியாவிலிருந்து கார்ப்பாத்திய மலையைக் கடந்து இறங்கி வந்தது. டிசா ஆற்றங்கரையில் இருந்த மற்ற ஹங்கேரியப் படைகளோடு கோர்கெய் சேர வேண்டுமானால் இடையில் நின்றது பிரானிஸ்கோ.

கோர்கெயைப் பற்றி ஒரு வார்த்தை, தமிழ் வாசகர்களுக்காக. ஓராண்டுக்கு முன்வரை அவர் பிராகாவில் வேதியியல் ஆய்வகத்தில் இருந்தார். ஆராய்ந்தது தேங்காய் எண்ணெயை. அதில் லாரிக் அமிலம் இருப்பதைக் காட்டும் அவருடைய கட்டுரை 1848-இல் வெளியானது. ஹங்கேரியை நம் வாசகர்களுக்கு நெருக்கமாக்க என்ன செய்வது என்று நீங்கள் கவலைப்படுவதாகக் கேள்விப்படுகிறேன். இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. அதே மனிதர் பிரானிஸ்கோவுக்கு அருகிலேயே, ஸ்பிஷ் வட்டாரத்தின் டோபொரெட்ஸ் கிராமத்தில் பிறந்தவர். சொந்த மண்ணில்தான் சிக்கிக்கொண்டிருந்தார். வயது 31.

கணவாயை உடைக்க அவர் அனுப்பிய பிரிவின் தலைவர் ரிச்சர்ட் குயோன். இங்கிலாந்தின் பாத் நகரில் 1813-இல் பிறந்தவர். இளைஞராக ஆஸ்திரியப் படையில் சேர்ந்து ஹுஸார் குதிரைப்படையில் இருந்தவர். ஒரு ஹங்கேரியத் தளபதியின் மகளை மணந்து, படையை விட்டு விலகி, மாமனார் நாட்டிலேயே நிலம் பார்த்துக்கொண்டிருந்தார். 1848-இல் ஹங்கேரி அரசின் பக்கம் நின்றார். வீரத்தில் குறைவில்லை, ஆனால் அந்தக் குளிர்காலம் அவருக்கு நல்லதாக அமையவில்லை. டிசம்பர் 16 அன்று ட்ர்னாவாவில் தோல்வி. ஜனவரியில் சுரங்க நகரங்களில் பின்வாங்கல். பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு, இக்லோ நகரில் அவருடைய ஆட்கள் உறங்கிக்கொண்டிருந்தபோது ஷ்லிக்கின் ஒரு பிரிவு வந்து புகுந்து தாக்கியது. தடுமாறி எழுந்து விரட்டினார்கள் என்பது உண்மை. காவல் போடத் தெரியாத தளபதி என்ற பேச்சும் எழுந்தது. மூன்றாம் நாள் அவர் பிரானிஸ்கோவின் அடிவாரத்தில் நிற்கிறார்.

மேலே காத்திருந்தவர் ஷ்லிக் படையின் மேஜர் ஜெனரல் டெய்ம், பொஹீமியப் பிரபு குடும்பத்தவர். வளைவுகளில் தடுப்புகள் போட்டு, பீரங்கிகளை வைத்துச் சாலையை அடைத்திருந்தார்.

சண்டை பிற்பகலில் தொடங்கி இருட்டிலும் நீடித்தது. சாலை வழியே நேராக ஏறியவர்களில் முன்னணியில் சென்றது 33-ஆவது ஹொன்வேத் பட்டாலியன். ஹொன்வேத் என்றால் 1848-இல் ஹங்கேரி அரசு புதிதாகத் திரட்டிய படை. இந்த 33-ஆவதில் பெரும்பாலோர் ஸ்லோவாக்கிய மொழி பேசிய புது ஆட்கள். பீரங்கி வெடித்ததும் கலைந்து இறங்கினார்கள். இறங்காமல் என்ன செய்வார்கள்? துப்பாக்கி பிடித்து எத்தனை வாரம் ஆகியிருக்கும்? குயோன் அவர்களைத் திருப்பி நிறுத்தினார். முன்னே போனால் இரட்டைச் சம்பளம், பின்னே வந்தால் நம் பீரங்கியே உங்கள்மேல் சுடும் என்ற பொருளில் அவர் கத்தியதாக ஒரு வாசகம் ஹங்கேரியில் இன்றும் புழங்குகிறது. ஜெர்மனும் ஹங்கேரியமும் கலந்த உடைந்த வாசகம் அது. ஓர் ஆங்கிலேயர், தமக்குச் சரியாக வராத மொழியில், அந்த மொழி தாய்மொழியாக இல்லாத வீரர்களிடம் கத்துகிறார். இந்தப் போரின் இயல்பை இதைவிடத் துல்லியமாக எந்தப் பேராசிரியரும் சொல்லிவிட முடியாது.

அதற்குப் பிறகு பக்கவாட்டுப் பிரிவுகள் சாலைக்கு இருபுறமும் இருந்த சரிவுகளில் பனியைக் கிழித்துக்கொண்டு ஏறின. நடுவில் இருந்தவர்கள் தடுப்பு தடுப்பாக மேலே போனார்கள். மேலிருந்து குண்டும், கீழிருந்து தளபதியின் மிரட்டலும். இரவு முதிர்ந்தபோது கணவாய் குயோனின் கையில். டெய்ம் கிழக்கே இறங்கிப் பிரெஷோவ் பக்கமாகப் பின்வாங்கினார். அதே இரவில் மலைக்கு மேற்கே லெவோச்சா நகரத்தார், பெரும்பாலும் ஜெர்மானியர், ஹங்கேரியப் படை அதிகாரிகளுக்கு நடன விருந்து வைத்திருந்தார்கள். கோர்கெய் அங்கேதான் இருந்தார். செய்தி அந்த நடனக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

இனி ஒரு சிலுவையின் கதைக்கு வருகிறேன். பிரானிஸ்கோவைப் பற்றி ஹங்கேரியில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஒரு பாதிரியாரைத்தான். இம்ரே எர்டோஷி. பியாரிஸ்ட் சபைத் துறவி, படையோடு சென்ற ஆன்மிகக் குரு. அவர் சிலுவையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு 33-ஆவது பட்டாலியனின் முன்னால் நடந்தார் என்பதில் கதையின் எல்லா வடிவங்களும் ஒத்துப்போகின்றன. சிலுவையை எதிரிகளின் நடுவே எறிந்துவிட்டு, உங்கள் கடவுளை விட்டுவிடப் போகிறீர்களா என்று கேட்டார் என்பது வரை ஒரு வடிவம் வளர்ந்திருக்கிறது. ஓவியத்துக்கும் பள்ளி மேடைக்கும் மிகவும் ஏற்ற காட்சி. நான் இதில் நம்புகிறவற்றின் எல்லை: அவர் இருந்தார், முன்னால் நடந்தார், அந்த வீரர்கள் அவரைப் பின்தொடர்ந்தார்கள். எறிந்தது வரை நான் போக மாட்டேன். நீங்களும் போக வேண்டாம்.

அதைவிட முக்கியமாக உங்கள் கவனத்துக்கு: எர்டோஷி என்பது அவர் பின்னால் ஏற்றுக்கொண்ட ஹங்கேரியப் பெயர். பிறவிக் குடும்பப் பெயர் பொலெஸ்னி. பெட்டோஃபியும் அப்படித்தான், பிறந்தபோது பெட்ரோவிச், தாய் ஸ்லோவாக்கியப் பெண். கோஷூத்தின் குடும்பமே வடக்கின் டுரியெட்ஸ் வட்டாரத்துப் பழைய குடும்பம். அவருடைய தந்தையின் சகோதரர் ஒருவர் ஸ்லோவாக்கிய இயக்கத்தின் ஆதரவாளர். ஒரே வீட்டுக்குள் இரண்டு தேசியங்கள் இருந்தன. அன்று ஒருவர் ஹங்கேரியராவது பிறப்பைப் பொறுத்த செய்தியாக மட்டும் இருக்கவில்லை. பலருக்கு அது எடுத்த முடிவு, சிலருக்குத் திணிக்கப்பட்ட முடிவு. அதனால்தான் "ஹங்கேரிய மக்கள் எழுந்தார்கள்" என்று ஒரே மூச்சில் எழுதும்போது நீங்கள் யாரைச் சேர்க்கிறீர்கள், யாரை விடுகிறீர்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

அந்த 33-ஆவது பட்டாலியனின் ஸ்லோவாக்கியர்கள் ஏன் ஏறினார்கள்? இதற்கு ஒரே விடை சொல்கிறவரை நம்ப வேண்டாம். 1848 ஏப்ரல் சட்டங்கள் பண்ணையடிமை முறையை ஒழித்திருந்தன. கட்டாய வேலை போயிற்று, தான் உழுத நிலம் தனக்கானது. ஸ்லோவாக்கிய மொழி பேசிய குடியானவனுக்கும் அது கிடைத்தது. அதைக் கொடுத்தது ஹங்கேரிய நாடாளுமன்றம். அதைக் காக்க ஒரு படை வேண்டும் என்றபோது சிலர் மனமுவந்து சேர்ந்திருப்பார்கள். 1848 செப்டம்பரில் கட்டாய ஆள்சேர்ப்பும் வந்தது. பலர் அப்படி வந்தவர்கள். சம்பளம் வேண்டும், ரொட்டி வேண்டும். பக்கத்தில் நிற்கிறவன் தன் கிராமத்தான், அவன் ஏறினால் தானும் ஏற வேண்டும். முன்னால் தன் மொழியறிந்த பாதிரியார். பின்னால் இரட்டைச் சம்பளமும் பீரங்கியும். இத்தனையும் சேர்ந்துதான் அந்த மலை ஏறப்பட்டது. விடுதலை வேட்கை என்ற ஒரே சொல்லில் இதைக் கட்டிவிட்டால் வேலை எளிதாகிவிடும் என்பது எனக்கும் தெரியும்.

ஆனால் இதே ஸ்லோவாக்கியர்களின் பேரால் வேறு சிலர் வேறு பக்கம் நின்றார்கள். 1848 மே மாதம் லிப்டோவ்ஸ்கி மிகுலாஷ் நகரில் கூடி ஸ்லோவாக்கிய தேசத்தின் கோரிக்கைகளை வெளியிட்டார்கள்: தங்கள் மொழியில் பள்ளி, நீதிமன்றம், தங்களுக்கென ஒரு சபை. ஹங்கேரி அரசின் பதில், ஷ்டூர், ஹுர்பான், ஹோட்ஜா ஆகிய மூன்று தலைவர்களையும் கைது செய்ய ஆணை. தனக்கு வியன்னாவிடம் கேட்ட உரிமையைத் தன்னிடம் கேட்டவர்களுக்குக் கொடுக்க கோஷூத்தின் அரசுக்கு மனம் வரவில்லை. செப்டம்பரில் அந்த மூவரும் வியன்னாவில் ஸ்லோவாக்கிய தேசிய மன்றத்தை அமைத்து, ஆயுதம் ஏந்திய தொண்டர்களோடு எல்லை தாண்டி மியாவாவுக்கு வந்து, ஹங்கேரி அரசோடு உறவு முறிந்தது என்று அறிவித்தார்கள். அக்டோபரில் அந்த இயக்கத்தைச் சேர்ந்த ஷுலெக், ஹோலுபி என்ற இரண்டு இளைஞர்களை ஹங்கேரிய அதிகாரிகள் தூக்கிலிட்டார்கள்.

அந்தத் தொண்டர் படை பேரரசரின் படையோடு சேர்ந்து 1849 குளிர்காலத்தில் மீண்டும் வந்தது. கோர்கெய் விட்டுச் சென்ற வடபகுதி ஊர்கள் வழியாக நடந்து, மார்ச் மாத வாக்கில் பிரெஷோவையும் கோஷித்செயையும் எட்டியது. அதாவது, பிப்ரவரியில் ஹங்கேரி அரசுக்காகப் பிரானிஸ்கோவைப் பிடித்தவர்கள் ஸ்லோவாக்கியர்கள். சில வாரங்களில் அதே வட்டாரத்துக்குப் பேரரசருக்காக வந்து சேர்ந்தவர்களிலும் ஸ்லோவாக்கியர்கள். எண்ணிக்கையில் ஹொன்வேத் படையில் இருந்தவர்கள் பல மடங்கு அதிகம். இன்று ஸ்லோவாக்கியாவில் தெருக்களுக்கும் பள்ளிகளுக்கும் பெயராக இருப்பதோ ஷ்டூர். அவர் ஸ்லோவாக்கிய எழுத்து மொழியை வகுத்தவர். அந்தப் பெருமை அவருக்கு உரியதுதான். 33-ஆவது பட்டாலியனின் ஆட்களுக்கு இரண்டு நாட்டிலும் சொந்தக்காரர் குறைவு. ஹங்கேரியக் கதையில் அவர்கள் பாதிரியாரின் பின்னால் வரும் கூட்டம். ஸ்லோவாக்கியக் கதையில் தவறான படையில் நின்றவர்கள்.

போர்க்களத்துக்கு மறுபக்கத்தையும் பாருங்கள். பொஹீமியப் பிரபு டெய்ம், கலீசியாவிலிருந்து வந்த படைப்பிரிவு. ஆஸ்திரியர் என்று நீங்கள் எழுதும் இடத்தில் வியன்னாக்காரர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஹங்கேரியப் பக்கத்திலோ, அராத்தில் 1849 அக்டோபர் 6 அன்று கொல்லப்பட்ட பதின்மூவரில் டம்யானிச் செர்பியக் குடும்பத்தவர் (செர்பியக் கிளர்ச்சியாளர்களிடம் மிகக் கடுமையாக நடந்துகொண்டவரும் அவரே), பெல்டென்பெர்க் வியன்னாவில் பிறந்தவர், லைனிங்கன் ஹெஸ்ஸே நாட்டு ஜெர்மன் கோமகன். இந்தப் பெயர்களை நீங்கள் பட்டியலாகத் தருகிறீர்கள், அடைமொழியோடு தருகிறீர்கள், யார் எவர் என்று மட்டும் சொல்வதில்லை.

இன்னொன்று, இதைக் கட்டாயம் எழுதுங்கள். பிரானிஸ்கோவில் சண்டை நடந்த நாளில் ஹங்கேரி சுதந்திரம் அறிவிக்கவே இல்லை. அது 1849 ஏப்ரல் 14-இல், டெப்ரெட்சென் தேவாலயத்தில் நடந்தது. பிரானிஸ்கோவுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜனவரி 5 அன்று, வாட்ஸ் நகரில் கோர்கெய் தம் படையின் சார்பில் ஓர் அறிக்கை வெளியிட்டார். மன்னர் ஐந்தாம் ஃபெர்டினாண்ட் ஒப்புதல் கொடுத்த அரசியலமைப்புக்குப் படை விசுவாசமாக இருக்கும், மன்னராட்சியைக் கவிழ்க்கக் குடியரசுப் பேச்சு பேசுகிறவர்களையும் எதிர்க்கும் என்பது அதன் சாரம். அதாவது கணவாயை ஏறியவர்கள், ஆஸ்திரியாவையும் ஹங்கேரியையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்து மன்னருக்கு எடுத்த உறுதிமொழியின் பேரில் ஏறினார்கள். மேலே நின்றவர்களும் ஹாப்ஸ்பர்க் மன்னருக்குத்தான் உறுதிமொழி எடுத்திருந்தார்கள். ஒரே ஒரு வேறுபாடு: 1848 டிசம்பர் 2-இல் ஃபெர்டினாண்ட் முடி துறந்து, பதினெட்டு வயது ஃப்ரான்ஸ் ஜோசஃப் அரியணை ஏறியதை ஹங்கேரிய நாடாளுமன்றம் ஏற்கவில்லை. இரு தரப்பின் அதிகாரிகளும் ஒரே பேரரசப் படையில் பயின்றவர்கள். கோர்கெயும் குயோனும் அங்கிருந்து வந்தவர்களே. பிற்காலத்தில் "சுதந்திரப் போர்" என்று நிலைத்த பெயரை நான் மாற்றச் சொல்லவில்லை. அந்தப் பெயர் பிப்ரவரி மாதத்து வீரன் ஒருவனின் தலைக்குள் இருந்ததாக எழுதாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

சண்டையின் பலன் என்ன என்று கேட்பீர்கள். பெரிது படுத்தாமல் சொல்கிறேன். வழி திறந்தது. பிப்ரவரி 10 வாக்கில் ஷ்லிக் கோஷித்செயை விட்டு வெளியேறினார், கோர்கெயின் படை உள்ளே நுழைந்தது, டிசா ஆற்றங்கரைப் படைகளோடு தொடர்பு ஏற்பட்டது. வசந்தகாலத்தில் ஹங்கேரியப் படை புடா வரை திரும்பிப் போனதற்கு இந்த இணைப்பு அடிப்படை. ஆனால் சிக்கியிருக்க வேண்டிய ஷ்லிக் நழுவிவிட்டார். பிப்ரவரி கடைசியில் காப்போல்னா போரில் விண்டிஷ்கிரேட்ஸோடு சேர்ந்து நின்று, ஹங்கேரியர்களைப் பின்வாங்க வைத்ததில் பங்கு கொண்டார். சிலர் எழுதுவதுபோல் பிரானிஸ்கோ போரின் போக்கையே திருப்பிய வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கதவு திறந்தது. அவ்வளவுதான்.

குயோனின் கதையை அதோடு விட்டுவிட மனமில்லை. பிறகு அவர் முற்றுகையிடப்பட்ட கொமாரோம் கோட்டைக்குள் நுழைந்து அதன் தளபதியானார். ஜூலை 14 அன்று கிஷ்ஹெட்யெஷில் குரோவாசியத் தளபதி யெலாச்சிச்சைத் தோற்கடித்தார். எல்லாம் முடிந்தபோது துருக்கிக்குத் தப்பினார். மதம் மாறாமலேயே குர்ஷித் பாஷா ஆனார். கிரிமியப் போர் ஆண்டுகளில் கார்ஸில் சுல்தானின் படையில் பணியாற்றி, 1856-இல் காலராவில் இறந்தார். கோர்கெயோ, ரஷ்யரிடம் சரணடைந்ததற்காகத் தம் மக்களாலேயே துரோகி என்று தூற்றப்பட்டு, ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட்டில் பல ஆண்டு கட்டாய வாசம் இருந்து, 98 வயது வரை வாழ்ந்து 1916-இல் இறந்தார். அந்தத் துரோகிப் பட்டத்துக்கு முதல் கையெழுத்துப் போட்டவர் கோஷூத். தோல்விக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது, கிடைத்தார். இதுவும் உங்கள் பத்திகளில் ஆராயப்படாமலே நகலெடுக்கப்படுகிறது.

நினைவுச் சின்னங்களும் இதே தகராற்றின் தொடர்ச்சிதான். கோஷித்செயில் நின்ற ஹொன்வேத் சிலை 1919-இல், செக்கோஸ்லோவாக்கியா பிறந்த உடனே, அந்த நாட்டுப் படைவீரர்களால் வீழ்த்தப்பட்டது. அந்த நகரம் 1848-இல் அனுப்பிய 9-ஆவது பட்டாலியன், சிவப்புத் தொப்பிக்காரர்கள் என்று போர் முழுவதும் பெயரெடுத்த பட்டாலியன். அதில் ஸ்லோவாக்கியர்கள் பெருமளவில் இருந்தார்கள். வீழ்த்தியவர்கள் அதை ஹங்கேரியச் சிலை என்று மட்டுமே பார்த்தார்கள். சிலையை வடிக்கும்போதே அப்படித்தான் வடித்திருப்பார்கள், வீழ்த்தியவர்களைக் குறை சொல்லி என்ன?

சரி, என்ன கேட்கிறேன்?

ஹங்கேரியர், ஆஸ்திரியர் என்று எழுதும் இடங்களில் ஹங்கேரி அரசின் படை, பேரரசரின் படை என்று எழுதிப் பாருங்கள். வாக்கியம் சற்றுக் கனக்கும். பரவாயில்லை, பொய் குறையும். வரைபடம் போட்டால் மொழி வரைபடம் ஒன்றும் சேருங்கள். ஸ்லோவாக்கியர், செர்பியர், ருமேனியர், குரோவாசியர், ஜெர்மானியர் யாவரும் அந்த நாட்டுக்குள் இருந்தார்கள் என்பதைக் கட்டத்துக்குள் அடைத்த துணுக்காக வைக்காமல் கதைக்குள்ளேயே கொண்டுவாருங்கள். மூல நூல் ஒரு தரப்பு ஆசிரியருடையது என்றால் அவர் எந்த நாட்டுக்காரர், எந்தக் காலத்தில் எழுதினார் என்பதை முன்னுரையில் சொல்லிவிடுங்கள். ஆங்கில நூல்களை நம்பி எழுதுகிறவர்கள் குயோனுக்குக் கொடுக்கும் இடத்தில் கொஞ்சத்தைக் குறையுங்கள். இங்கிலாந்தில் பிறந்தார் என்பதற்காகவே அவர் நூல்களில் பெருத்துப்போயிருக்கிறார்.

பேரரசரின் பக்கம் நின்ற ஸ்லோவாக்கியருக்கும் குரோவாசியருக்கும் போர் முடிந்த பிறகு கிடைத்தது என்ன என்பதையும் சொல்லுங்கள். ஸ்லோவாக்கியத் தொண்டர் படை 1849 நவம்பரில் கலைக்கப்பட்டது. தனி ஆட்சிப்பகுதி வரவில்லை. எல்லோருக்கும் சேர்த்து வியன்னாவின் அதிகாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். ஹங்கேரியருக்குத் தண்டனையாகக் கிடைத்ததே தங்களுக்குப் பரிசாகக் கிடைத்தது என்று அந்த மக்களிடையே ஒரு கசப்பான பேச்சு அப்போது உலவியது.

ஹங்கேரிய நாடாளுமன்றமும் கடைசியில் மொழி உரிமைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. செகெட் நகரில், 1849 ஜூலை 28 அன்று. கோர்கெய் சரணடைய இரண்டு வாரங்கள் மீதமிருந்தன. உங்கள் புத்தகத்தின் அடுத்த பதிப்பில் ஹங்கேரிக்கு அதே ஒரு பத்திதான் இடம் என்றால், பெட்டோஃபியின் பெயரை வேண்டுமானால் எடுத்துவிட்டு, பிப்ரவரி 5, ஜூலை 28 ஆகிய இரண்டு தேதிகளை அதில் சேருங்கள். முதல் தேதியில் கணவாயை ஏறியவர்கள் யார், இரண்டாம் தேதியில் சட்டம் யாருக்காக என்று ஒவ்வொரு வரி போதும். இடையில் எத்தனை மாதங்கள் என்பதை வாசகர்கள் தாங்களே கணக்கிட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களை வாங்கிப் படிக்கும் ஒரு வாசகன்